பாக எண் ஒன்றாக இருந்தும், மாற்றிய ஈ.சி.யூ.வை இம்மொபிலைசர் ஏற்காதது ஏன்?

கேள்வி:
என் காரின் ஈ.சி.யூ.வில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) தண்ணீர் புகுந்து பழுதானதால், அதே மாடல் காரிலிருந்து கழற்றப்பட்ட, பாக எண்ணும் சாஃப்ட்வேர் எண்ணும் ஒத்திருந்த ஒரு யூனிட்டை வாங்கிப் பொருத்தினேன். என்ஜின் ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடிகளில் நின்றுவிடுகிறது. மீட்டரில் சாவி விளக்கு மின்னுகிறது. சாவியும் இம்மொபிலைசரும் (உரிய சாவி இல்லாமல் என்ஜின் ஓடாதபடி தடுக்கும் கருவி) பழையவைதாம் என்னும்போது தடை எங்கே இருக்கிறது?

பதில் 1:
நண்பரே, பாக எண் ஒத்திருந்தால் வன்பொருள் ஒன்று என்று மட்டுமே பொருள். காரை அடையாளம் காட்டும் தகவல் ஈ.சி.யூ.வின் நினைவகத்தில் இருக்கிறது. சாவிக்குள் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் சிப்புக்குத் தனி பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் அதற்கு மின்சக்தி ஊட்டுகிறது; இம்மொபிலைசர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணை அனுப்ப, சிப் தன்னிடமுள்ள ரகசியக் குறியீட்டைக் கொண்டு கணக்கிட்ட விடையைத் திருப்பித் தருகிறது. பல கார்களில் இதே போன்ற கேள்வியும் விடையும் இம்மொபிலைசருக்கும் ஈ.சி.யூ.வுக்கும் இடையிலும் நடக்கும். ரகசியக் குறியீடு கம்பியில் பயணிப்பதே இல்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. நீங்கள் வாங்கிய யூனிட்டின் ஈஈப்ராமில் (மின்சாரம் நின்றாலும் தகவலை வைத்திருக்கும் நினைவகச் சிப்) இன்னும் அது கழற்றப்பட்ட காரின் குறியீடே இருப்பதால், விடை பொருந்தாமல் எரிபொருள் நிறுத்தப்படுகிறது என்று கருதுகிறேன்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆயினும் சாவியை ஏற்காதபோதும் அந்த விளக்கு மின்னும் என்பதால், முதலில் ஸ்கேனரில் (காரின் கணினிகளோடு இணைத்துப் பார்க்கும் கருவி) பிழைக் குறியீடுகளைப் படித்துப் பாருங்கள். சாவி ஏற்கப்பட்டிருந்தால், பழுதான ஈ.சி.யூ.வின் பழைய போர்டைத் தயவுசெய்து தூக்கி எறிய வேண்டாம். அதன் நினைவகச் சிப் பிழைத்திருந்தால், அனுபவமுள்ள தொழில்நுட்பர் அதிலுள்ள இம்மொபிலைசர் தகவலைப் படித்துப் புதிய யூனிட்டில் எழுதிவிடலாம். சாவிகளைத் தொட வேண்டியதே இராது. அது முடியாவிட்டால், காருக்குரிய ரகசிய எண்ணைக் (PIN) கொண்டு ஸ்கேனர் வழியாக இணைக்க வேண்டும். சில நிறுவனங்கள், உரிமையாளர் இவர்தான் என்று உறுதி செய்த பிறகு, தங்கள் சர்வர் மூலமாக மட்டுமே இதைச் செய்ய அனுமதிக்கின்றன. பயன்படுத்திய யூனிட்டை அறவே ஏற்காத மாடல்களும் உண்டு. சாவிகளையும் மீண்டும் பதிய நேர்ந்தால் எல்லாவற்றையும் கொண்டு செல்லுங்கள், ஏனெனில் பல கார்களில் அப்போது காட்டாத சாவிகள் நீக்கப்பட்டுவிடும். எழுதும்போது மின்னழுத்தம் குறைந்தால் யூனிட்டே கெடக்கூடும் என்பதால் பேட்டரிக்குச் சார்ஜரை இணைத்து வைப்பது அவசியம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. சாவி ஏற்கப்பட்டதாகவும், ஈ.சி.யூ. பொருந்தவில்லை என்றும் ஸ்கேனர் காட்டுகிறது. பழைய போர்டில் இணைப்பான் பக்கம்தான் அரித்திருக்கிறது. நினைவகச் சிப் இருக்கும் பகுதி சுத்தமாக உள்ளது. எனவே முதலில் அதைப் படிக்கக் கொடுக்கிறேன்.