ரெண்டு பவர் சப்ளை இருந்தும் கோர் சுவிட்ச் படுத்துருச்சு, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

எங்க கோர் சுவிட்ச்ல (மொத்த நெட்வொர்க்கும் வந்து சேர்ற மெயின் சுவிட்ச்) பவர் சப்ளை ரெண்டு, சுவிட்சுக்கு மூளை மாதிரி இருக்கிற சூப்பர்வைசர் கார்டு ரெண்டு, எல்லாமே ஜோடியாத்தான் வாங்கினோம். ஒரு நாள் ராத்திரி பேட்டரி மாத்துறதுக்காக ஒரு யூபிஎஸ்ஸ மட்டும் ஆஃப் பண்ணாங்க, மொத்த நெட்வொர்க்கும் போச்சு. ஓடிப்போய் ரேக் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாத்தா ரெண்டு பவர் கேபிளும் அந்த யூபிஎஸ்ல இருந்து வர்ற ஒரே பிடியூல (ரேக்குக்கு கரண்ட் பிரிச்சுக் குடுக்குற பவர் ஸ்ட்ரிப்) சொருகியிருக்கு, முன்னாடி ரேக் மாத்தினப்போ கேபிள் எட்டலன்னு யாரோ பக்கத்துல இருந்ததுல மாட்டிட்டுப் போயிருக்காங்க. சுவிட்சுக்கு அது எங்க தெரியும், ரெண்டு சப்ளைக்கும் கரண்ட் வருது, ரெண்டு லைட்டும் பச்சை, மானிட்டரிங்லயும் எல்லாம் ஓகேன்னுதான் காட்டுச்சு. இப்போ ஏ ஃபீடு, பி ஃபீடுன்னு ரெண்டு தனி கரண்ட் லைன்ல ஏ-க்கு சிவப்பு, பி-க்கு நீலம்னு கேபிள் கலரையே பிரிச்சுட்டோம்.

---

அண்ணா, எங்களுக்கு ஃபீடு ரெண்டும் தனித்தனிதான், ஆனா அடி வேற பக்கம். போன், கேமரா எல்லாம் நேரா மாட்டுற 48 போர்ட் ஆக்சஸ் சுவிட்ச், வாங்கினப்போ வெறும் ஐபி போன் மட்டும், ஒரு சப்ளையே தாராளம். அப்புறம் வைஃபை ஆக்சஸ் பாயின்ட், கேமரான்னு ஒவ்வொண்ணா ஏத்திட்டே போனோம், கணக்குப் போடவே இல்ல. போர்ட்டுக்கு 30 வாட்னு வச்சா 48-க்கும் சேர்த்து பி.ஓ.ஈ (நெட்வொர்க் கேபிள் வழியாவே குடுக்குற கரண்ட்) மட்டுமே 1440 வாட், அதுக்கு மேல சுவிட்சோட சொந்தத் தேவை. சப்ளை மோடு கம்பைன்டுல இருந்துச்சு, அதனால ரெண்டும் சேர்ந்துதான் லோடைத் தாங்கிட்டு இருந்திருக்கு. ஒண்ணு செத்ததும் பாதி கேமரா அவுட். ஒரு சப்ளை தாங்குற அளவுக்கு மட்டுமே பவர் குடுக்குற ரிடன்டன்ட் மோடுல வச்சிருந்தா அந்த எக்ஸ்ட்ரா கேமராவுக்கு பவரே குடுத்திருக்காது, அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

---

சூப்பர்வைசர் ரெண்டு இருக்குன்னு நம்பி இருக்கவங்க ஒரு தடவை ரிடன்டன்சி ஸ்டேட்டஸ் பாத்துருங்க ப்ளீஸ். எங்களுக்கு வாரன்டில மாத்திக் குடுத்த கார்டுல சாஃப்ட்வேர் வெர்ஷன் வேற, எஸ்எஸ்ஓ (ஸ்டாண்ட்பை கார்டு எல்லா நிலவரத்தையும் கையில வச்சுட்டு உடனே மேல வர்ற மோடு) வராம ஆர்பிஆர்ல (ஸ்டாண்ட்பை பாதி ரெடியா மட்டும் இருக்கிற மோடு) போய் நின்னுருச்சு, யாரும் கவனிக்கல. ஃபெயில்ஓவர் ஆனப்போ ஸ்டாண்ட்பை மேல வந்துச்சுதான், ஆனா போர்ட் இருக்கிற லைன் கார்டு எல்லாம் முதல்ல இருந்து பூட் ஆகி, பல நிமிஷம் எல்லா போர்ட்டும் டவுன். எஸ்எஸ்ஓ-ல இருந்திருந்தா யூசருக்குப் பெருசா தெரிஞ்சிருக்காது.

---

எங்களோடது ஸ்டாக், அதாவது நாலு சுவிட்சைச் சேர்த்து ஒண்ணா ஓட்டுறது. மேல நெட்வொர்க்குக்குப் போற அப்லிங்க் ரெண்டையும் போர்ட் சேனல்ல (ரெண்டு லிங்க்கை ஒண்ணா சேர்க்கிறது) கட்டியிருந்தோம், ஆனா ரெண்டு லிங்க்கும் ஸ்டாக்ல ஒரே மெம்பர் சுவிட்ச்ல. அந்த பாக்ஸ் போனதும் மிச்ச மூணு சுவிட்சும் உசிரோட இருந்து என்ன பிரயோஜனம்.

---

முதல் போஸ்ட் போட்டது நான்தான், சூப்பர்வைசர் பத்தி எழுதினவருக்கு ரொம்ப நன்றி. படிச்ச உடனே லாகின் பண்ணிப் பாத்தேன், எங்களுதும் ஆர்பிஆர்லதான் நிக்குது. கேபிளை மட்டும் சரி பண்ணிட்டு இத்தனை நாள் நிம்மதியா தூங்கிட்டு இருந்திருக்கோம். சனிக்கிழமை ராத்திரிக்கு டவுன்டைம் கேட்டிருக்கேன், ரெண்டு கார்டுலயும் ஒரே சாஃப்ட்வேர் இமேஜ் ஏத்திட்டு, பிங் ஓட விட்டு ஆக்டிவ் கார்டை கையாலயே உருவிப் பாக்கப் போறேன்.