மறு: ‘சிங்கிள் அக்சன்’ ரிவோல்வருக்கு ஒரு தமிழ்ச்சொல்

குழுமத்தாருக்கு வணக்கம்.

சுன்னாகத்துத் தம்பி தமிழாக்கி, சொற்கள் சரியா என்று கேட்டு அனுப்பிய பந்தியை வாசித்தேன். தன் சிங்கிள் அக்சன் ரிவோல்வரைச் செம்மையாக்கித் தரக் கைதேர்ந்த ஒருவரைத் தேடும் அமெரிக்கரைப் பற்றிய கட்டுரை அது. தம்பி போட்டிருக்கும் ‘ஒற்றைச்செயல் சுழல்துப்பாக்கி’ இலக்கணப்படி சரி, பொருள்தான் வழுக்குகிறது. ஒரு வெடியோடு தீர்ந்துபோகும் துவக்கு என்றே நம்மவர் நினைப்பார்கள். 1873 இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவோல்வரின் சுழலும் உருளையில் தோட்டா இட ஆறு அறைகள் உண்டு. ஒற்றை என்பது வெடியின் கணக்கல்ல, விரலால் இழுக்கும் விசையின் வேலை. தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் உறுப்பான குதிரை பின்னே ஏறி நிற்க, அதை விழவிடுவதோடு விசையின் பாடு முடிந்தது. அடுத்த வெடிக்குச் சுடுபவரே பெருவிரலால் குதிரையைப் பின்னிழுத்து ஏற்ற வேண்டும். மற்ற வகையான டபுள் அக்சனில் விசையே குதிரையை ஏற்றும், விழவும் விடும்.

ஆகவே முதலாவது ‘கையேற்று ரிவோல்வர்’, மற்றது ‘விசையேற்று ரிவோல்வர்’. வில்லில் நாணேற்றிய மொழிக்கு இது புதிதல்ல. பின்னதைக் கையாலும் ஏற்றலாமே என்று சென்னை நண்பர் மடக்குவார். ஏற்றலாம்தான், கையால் மட்டுமே ஏற்றக்கூடியது எதுவோ அதுவே கையேற்று. ரிவோல்வரை ரிவோல்வராகவே விட்டுவிடுவோம், நம் பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. குதிரையை ஆங்கிலத்தில் ‘ஹமர்’ என்பதற்காகச் ‘சுத்தியல்’ வேண்டவே வேண்டாம். துப்பாக்கியின் குதிரை பழைய அகராதிகளிலேயே இருக்கிறது. ‘குதிரையேற்றம்’ என்று மட்டும் யாரும் சுருக்கிவிடாதீர்கள்.

தேடப்படும் ஆளை ‘துப்பாக்கி வல்லுநர்’ என்றால் குறிதவறாமல் சுடுபவர் என்றாகிவிடும். ‘துவக்குத் திருத்துநர்’ பரவாயில்லை, ஆனால் இங்கே எதுவும் பழுதாகவில்லையே. கொல்லர் பட்டறையைக் குறிக்கும் கம்மாலை இன்னும் நம் ஊர்ச்சொல்தான். அங்கிருந்தே ‘துவக்குக் கம்மியர்’ என்று எடுக்கலாம்.

சிக்கல், துவக்கைச் செம்மையாக்குவதைக் குறிக்கும் ‘ரியூனிங்’கில். ‘மெருகூட்டல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது துவக்கைப் பளபளப்பாக்கும் வேலை. கம்மியர் செய்வது வேறு. பழைய கோல்ட்டின் குதிரையை மெல்லப் பின்னிழுத்தால் நான்கு ‘கிளிக்’ கேட்கும். முதலிரண்டும் குதிரையின் கால்வாசி ஏற்றமும் அரைவாசி ஏற்றமும். மூன்றாவது, உருளையைப் பூட்டும் நாக்கு மேலெழும் ஒலி. நான்காவது முழு ஏற்றம். தள்ளுகோல் உருளையைத் திருப்பி முடிப்பதும், பூட்டுநாக்கு உருளையின் குழிக்குள் புகுவதும், குதிரை முழு ஏற்றத்தில் நிற்பதும் கூடியமட்டும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். நாக்கு முந்திக்கொண்டால் உருளையைச் சுற்றி ஒரு கீறல் வளையம் விழும். பழகிய கண் அதைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடும். உருளை முழுதாகத் திரும்பாமல் நின்றால் அறை குழலுக்கு நேரே வராது, குண்டின் ஈயம் குழலின் விளிம்பில் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். ஆகையால் நான் ‘பொறிப்பொருத்தம் பார்த்தல்’ என்கிறேன். சாதகம் நினைவுக்கு வருகிறது என்பவர்கள் வந்துவிட்டுப் போகட்டும், பொருத்தம் பொருத்தம்தான்.

இச்சொல்லை நான் விடாமல் பிடிப்பதற்குக் காரணம் கட்டுரையிலேயே இருக்கிறது. விசையை இலகுவாக்கித் தருகிறேன் என்று முதல் வார்த்தையிலேயே சொல்பவரிடம் துவக்கைக் கொடுக்கக்கூடாது. குதிரையின் வெட்டும் அதில் கொளுவும் விசைநுனியும் பல துவக்குகளில் மேற்பரப்பில் மட்டுமே கடினமாக்கப்பட்டவை. அந்தத் தோலைத் தாண்டி அராவினால் உள்ளே மெத்தென்ற உலோகம். சில நாளில் விசை தானாக வழுக்கும். குதிரையைத் தள்ளும் வில்லை (ஸ்பிரிங்கை) தளர்த்தினாலோ குதிரை விழும், வெடி கேட்காது. ‘இலகுவாக்கல்’ என்று நாம் மொழிபெயர்த்தால் கெட்ட கம்மியரின் விளம்பரத்தையே எழுதியவர்களாவோம்.

மிஞ்சியிருப்பது ஒன்று. பழைய வகையில் குதிரைக்கு நேரே உள்ள அறையை வெறுமையாக விட்டு ஐந்து தோட்டாக்களே இடுவது வழக்கம். அந்த அறையிலும் தோட்டா இருந்தால், துவக்கு கீழே விழுந்து குதிரை அடிபடும்போது வெடிக்கக்கூடும். 1973 இல் ரூகர் நிறுவனம், விசையை இழுத்தால் மட்டும் எழுந்து குதிரையின் அடியைத் தோட்டாவைக் குத்தும் ஊசிக்குக் கடத்தும் ஓர் உறுப்பைத் தன் கையேற்று ரிவோல்வர்களில் சேர்த்தது. ‘அடிகடத்தி’ என்று எழுதி வைத்திருக்கிறேன், காதுக்கு நன்றாக இல்லை. மேலான சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்; தம்பி அச்சுக்குக் கொடுக்க வேண்டுமாம்.