மிளகாய்ப் பொடி நிரப்பும் இயந்திரத்தில் எடை நிற்கவில்லை: உதவி தேவை

ஆலங்குளத்தில் சிறிய மசாலாப் பொடி நிறுவனம் நடத்துகிறேன். இயந்திரம், சர்வோ மோட்டார் பொருத்திய ஆகர் வகை; அதாவது, திருகு சுழன்று பொடியைப் பொட்டலத்துக்குள் தள்ளும். மேலே பொடி கொட்டும் தொட்டி (ஹாப்பர்) 25 லிட்டர். ஆனிச் சாரல் தொடங்கியது முதல் 100 கிராம் மிளகாய்ப் பொடிப் பொட்டலத்தின் எடை தாறுமாறாகப் போகிறது. ஹாப்பர் நிறைந்திருந்தால் 106 கிராம், பாதிக்குக் கீழே இறங்கினால் 93. சட்டம் பொறுக்கும் குறைவு 4.5 கிராம்தான். அதே இயந்திரத்தில் மல்லிப் பொடி சமர்த்தாக இறங்குகிறது!

தராசைப் படிக்கல் வைத்துச் சரிபார்த்துவிட்டேன், பிழை இல்லை. பொடியைச் சலித்து, ஆறவைத்துத்தான் கொட்டுகிறோம். திருகின் சுற்றைக் கூட்டினால் சராசரி ஏறுகிறது, ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கிறது. கலக்கியின் வேகத்தைக் கூட்டியது இன்னும் மோசம்: பொடி இறுகி, திருகைச் சுற்றிப் பொந்து விழுகிறது. மிளகாயின் எண்ணெய்ப் பசையும் ஈரக்காற்றும் சேர்ந்து செய்யும் வேலை என்பது என் ஊகம். விற்றவரோ "வேறு இயந்திரம் வாங்குங்கள்" என்கிறார். அது யோசனை அல்ல, வியாபாரம்.

மிளகாய்ப் பொடி ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: ஹாப்பரில் பொடி மட்டத்தை ஒரே அளவில் வைக்க சென்சாருடன் பொடி ஊட்டும் கருவி (ஃபீடர்) பொருத்துவதா, புரி இடைவெளி வேறாக உள்ள திருகுக்கு மாற்றுவதா, எதை முதலில் செய்யலாம்?