காதுகுத்துக்கு யார் யார் எதுல வர்றீங்க?

குழு: முதலியார்பேட்டை வீடு
வியாழக்கிழமை

ராணி சித்தி (இரவு 8:04): ஞாயித்துக்கிழமை பாகூர் காதுகுத்துக்கு யார் யார் எதுல வர்றீங்கன்னு சொல்லுங்க. சமையல்காரர் எத்தனை இலைன்னு கேட்டுட்டே இருக்கார். ராத்திரி கெடா விருந்து, முடிஞ்சு கிளம்ப பத்து மணி ஆயிடும்

தினேஷ்: நானு, ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரு. என் பைக்லயே வந்துடுவோம்மா

பிரியா: மூணு பேரும் ஒரே பைக்லயா?

தினேஷ்: பாகூர்தானேக்கா. பாரிசுக்கா போறோம்

சொல்தா பெரியப்பா: 🎤 குரல் செய்தி 2:47

பிரியா: பெரியப்பா நான் ஆஸ்பத்திரி டூட்டில இருக்கேன். டைப் பண்ணுங்க ப்ளீஸ்

சொல்தா பெரியப்பா: விஜி ஏன் குரூப்ல பேசறதே இல்ல. உடம்புக்கு என்னா

விஜி அக்கா: இருக்கேன் பெரியப்பா. இங்க ரெயூனியன்ல இப்பதான் ஆறரை மணி தாண்டுது, வேலை முடிஞ்சு வந்தேன். நேத்து ஒரு அடக்கத்துக்குப் போயிருந்தேன், அதுலேர்ந்து மனசே சரியில்ல. ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து மேசை அம்மா, அவங்க பையன். ஞாயிறு விடிகாலை பார்ட்டி முடிஞ்சு ஸ்கூட்டர்ல வந்தவன் வளைவுல நேரா சுவத்துல போய் அடிச்சிட்டான். எதிர்ல ஒரு வண்டி வரல

ராணி சித்தி: அய்யோ. எத்தனை வயசு விஜி

விஜி அக்கா: நம்ம தினேஷ் வயசுதான் சித்தி

ராணி சித்தி: 🙏

சொல்தா பெரியப்பா: ரெயூனியன் தீவு பிரான்சோடதுதானே, ரோடெல்லாம் பிரான்சு ரோடாச்சே. நான் சொல்தாவா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தப்ப மர்சேய்ல பாத்தேன், ஆள் இல்லாத சிக்னல்லயும் நின்னு போவான். அங்கயுமா இப்படி

விஜி அக்கா: ரோட்டுல ஒரு குறையும் சொல்ல முடியாது பெரியப்பா. 2009ல தமரின் ரோடு திறந்தாங்க, 34 கிலோமீட்டர், வழுக்கிட்டுப் போகும். 2022ல கடலுக்கு மேலயே 5.4 கிலோமீட்டருக்கு ஒரு பாலம். பழைய கடலோர ரோட்டுல மலையிலேர்ந்து கல்லு உருண்டு கார் மேல விழும், 2006ல ரெண்டு பேரு செத்தாங்க. அதுக்குத்தான் அவ்ளோ செலவு பண்ணி அந்தப் பாலம். ஆனா கல்லு விழுந்து சாவுறவன் எப்பவோ ஒருத்தன். இங்க சாவெல்லாம் வேற வழியில வருது

விஜி அக்கா: நான் இருக்கிறது இன்ஷூரன்ஸ் ஆபீஸ் இல்லையா. ஃபைலைத் திறக்கும்போதே கிழமையும் மணியும் பாத்தா பாதிக் கதை தெரிஞ்சிடும். வெள்ளி ராத்திரி, சனி ராத்திரி, ஞாயிறு விடிகாலை. குடி, வேகம். இல்லன்னா ஸமால், அதான் இந்த ஊரு கஞ்சா. ரோட்டுச் சாவுல குடியோட பங்கு பிரான்சை விட இங்க ஜாஸ்தி

தினேஷ்: அங்க போலீஸ் விடுவானா?

விஜி அக்கா: விட மாட்டான்டா. ஊத வைப்பான், கஞ்சாவுக்கு எச்சில் டெஸ்ட்டும் உண்டு. ஒரு லிட்டர் ரத்தத்துல 0.5 கிராம் ஆல்கஹால் தாண்டுனா லைசென்ஸ்ல இருக்கிற 12 புள்ளில ஆறு போயிடும். புதுசா லைசென்ஸ் எடுத்தவனுக்கு 0.2தான், ஒரு கிளாஸ் குடிச்சாலே மாட்டுவான். ஆனா ராத்திரி ஒரு மணிக்கு மலை ரோட்டுல எத்தனை இடத்துல போலீஸ் நிக்க முடியும்? இந்தத் தீவு நடுவுல முழுக்க மலை, எரிமலை. சுமார் 9 லட்சம் ஜனத்துல பெரும்பாலானவங்க கடலோரத்தைச் சுத்தித்தான் இருக்காங்க. ஒரு காலத்துல ரயில் இருந்துச்சாம், 1960-கள்ல நிறுத்திட்டாங்க. பஸ் சாயங்காலத்தோட சரி. அப்ப குடிச்சவன் வீட்டுக்கு எப்படிப் போவான்? சொந்த வண்டிலதான். அதுல கரும்பு ஊரு வேற, ரம் தண்ணி விலைக்குக் கிடைக்கும்

செல்வம் மாமா கடலூர்: இப்பதான் சாப்ட்டு வந்து எல்லாத்தையும் படிச்சேன். விஜி நீ சொல்றது அப்படியே நம்ம முள்ளோடைம்மா

செல்வம் மாமா கடலூர்: இங்கேர்ந்து சாயங்காலம் பாண்டி எல்லைக்குப் போவான். அங்க சரக்கு விலை கம்மி. உக்காந்து குடிச்சிட்டு ராத்திரி அதே ரோட்டுல கடலூருக்குத் திரும்புவான். பாதிப் பேருக்கு ஹெல்மெட் டாங்க் மேல. செக்போஸ்ட்ல வண்டியை நிறுத்தி பாட்டில் கடத்துறானான்னு சீட்டைத் தூக்கிப் பாப்பாங்க. வயித்துக்குள்ள கடத்திட்டுப் போறதை யாரும் கேக்க மாட்டாங்க

தினேஷ்: 😂😂 மாமா

செல்வம் மாமா கடலூர்: சிரிக்காதடா. இவ்ளோ காலம் டவுன் பஸ்ஸும் ரூட் பஸ்ஸும் ஓட்டுனவன் சொல்றேன். கிருமாம்பாக்கம், கன்னிக்கோயில், ரெட்டிச்சாவடி, இந்த இடத்துல எல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல எனக்கு ஸ்டியரிங் பிடிச்ச கை வேர்க்கும்

பிரியா: மாமா உண்மையில நம்ம ஊரு சட்டம் பிரான்சை விடக் கறார். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம்தான் இங்க. அவங்களோட 0.5ஐ இதே கணக்குல பாத்தா 50 வருது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவை மாட்டுனாலே 10,000 ரூபா ஃபைன், இல்லன்னா ஆறு மாசம் வரை ஜெயில்

செல்வம் மாமா கடலூர்: புஸ்தகத்துல கறார்தான்

சொல்தா பெரியப்பா: ஹெல்மெட்டுக்கே இந்த ஊர்ல என்னா கூத்து நடந்துச்சு. 2019 பிப்ரவரி, கிரண் பேடி கவர்னரா இருந்தப்ப கட்டாயம்னு சொன்னதும் ஊரே ரெண்டுபட்டுது. முதலமைச்சர் கவர்னர் மாளிகை வாசல்ல ராத்திரி பகலா தர்ணா உக்காந்தாரு, அதுல இதுவும் ஒரு விஷயம். அடுத்த நாட்டுக்காரன் கேட்டா நம்புவானா

ராணி சித்தி: அத்தான் அரசியல் வேணாம், நாளைக்கு அதையே பிடிச்சிட்டு சண்டை போடுவாங்க

ராணி சித்தி: யார் எதுல வர்றீங்கன்னு இன்னும் யாரும் சொல்லல

தினேஷ்: ஒரு டவுட். விஜிக்கா, அந்தப் பையன் ஹெல்மெட் போட்டிருந்தானா?

விஜி அக்கா: போட்டிருந்தான். இங்க போடாம யாரும் போக மாட்டாங்க. 135 யூரோ, மூணு புள்ளி. 2016லேர்ந்து கையுறை கூட கட்டாயம்

தினேஷ்: அப்ப ஹெல்மெட் போட்டும் போயிட்டான்ல

பிரியா: டேய்

பிரியா: வந்து சொல்றேன், ஒரு கேஸ் வருது

செல்வம் மாமா கடலூர்: வேகத்துக்கு ஹெல்மெட் என்னாடா பண்ணும். நாப்பதுல போறவன் பிரேக் அடிச்சா எவ்ளோ தூரத்துல நிக்கிறானோ, எண்பதுல போறவனுக்கு அதுல நாலு மடங்கு வேணும். ரெண்டு மடங்குன்னுதான் எல்லாப் பயலும் நெனைக்கிறான். மூணு பேரு ஏறிக்கிட்டா இன்னும் மோசம், முன் சக்கரம் தூக்கிக்கும், ஹேண்டில் பேச்சு கேக்காது

செல்வம் மாமா கடலூர்: டிரைவர் சீட்டுலேர்ந்து என்னா தெரியும்னு உனக்குச் சொல்றேன் கேளு. பஸ் ஸ்டாப்ல வண்டியை நிறுத்துறேன், ஜனம் இடது பக்கம் இறங்குது. அந்தச் சந்துல ஒரு பைக் புகுந்து வரும். பாட்டி கால் கீழ வைக்கறதுக்கும் அவன் வர்றதுக்கும் சரியா இருக்கும். கண்ணாடியில பாத்து ரெண்டு வாட்டி நான் ஹாரன் அடிச்சுக் கத்துவேன், கண்டக்டர் கதவை அடிப்பார். ராத்திரி வேற மாதிரி. எதிர்ல வர்றவன் ஹை பீமை இறக்க மாட்டான். அவன் தாண்டிப் போனப்புறம் ரெண்டு மூணு செகண்டுக்கு ரோடே இருட்டா இருக்கும். அறுபதுல போற பஸ் மூணு செகண்டுல அம்பது மீட்டர் ஓடும். அந்த அம்பது மீட்டருக்குள்ள லைட் இல்லாத கரும்பு டிராக்டர் நிக்குதோ, கறுப்பு சட்டை போட்டவன் நடக்குறானோ, சாமிக்குத்தான் தெரியும். நெல்லிக்குப்பம் ரோட்டுல சீசன்ல பாரு, தோகை தொங்கி பின்னாடி சிவப்பு ஸ்டிக்கரையே மூடியிருக்கும்

விஜி அக்கா: இங்கயும் கரும்பு சீசன் ஜூலைலேர்ந்து டிசம்பர் வரைக்கும் மாமா. கஷலோன்னு சொல்லுவாங்க, வீடு நகர்ற மாதிரி லாரி. அவன் பின்னாடி மாட்டுனா பொறுமை இல்லாதவன் வளைவுல ஓவர்டேக் பண்ணுவான். சிலாவோஸ் மலைக்கு ஏறுற ரோட்டுல 400 வளைவாம். பஸ் ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிச்சிட்டே போகும், கார்க்காரன் ரிவர்ஸ்ல ஒதுங்கி வழி விடுவான். நான் அந்தப் பக்கம் ஓட்டவே மாட்டேன்

விஜி அக்கா: நீங்க சொன்ன கறுப்பு சட்டை இங்கயும்தான். மலைக் கிராமத்துல ரோட்டுக்கு நடைபாதையே இருக்காது. ராத்திரி கடையில குடிச்சிட்டு நடந்து போறவனை இன்னொரு குடிச்சவன் இடிப்பான். ரெண்டு பேரும் ஒரே தெருக்காரங்களா இருப்பாங்க

ராணி சித்தி: கேக்கவே வயித்தைக் கலக்குது. இங்க புது வண்டி வாங்குனா எலுமிச்சம்பழம் நசுக்குறோமே, அங்க அதெல்லாம் உண்டா

விஜி அக்கா: உண்டு சித்தி. நம்ம தமிழ் வம்சாவளிக்காரங்க பூஜை போடுவாங்க. அது இல்லாம ரோட்டோரம் சின்னச் சின்னதா சிவப்பு பெயின்ட் அடிச்ச மாடம் இருக்கும், சேன் எக்ஸ்பெதின்னு ஒரு சாமி. அவசர வேண்டுதலுக்கு அவர்தான். மெழுகுவத்தி, பூ எல்லாம் இருக்கும். எல்லா மதத்துக்காரனும் கும்பிடுவான்

செல்வம் மாமா கடலூர்: எலுமிச்சம்பழம் மாத்துறவன் பிரேக் ஷூ மாத்த மாட்டான்

ராணி சித்தி: அண்ணா உனக்கு எல்லாத்துலயும் ஒரு சொத்தை

சொல்தா பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

சொல்தா பெரியப்பா: மன்னிக்கவும் வேற குரூப்புக்கு அனுப்புறது

பிரியா (இரவு 9:31): வந்துட்டேன். தினேஷ் நீ கேட்டதுக்குப் பதில். இந்தியாவுல 2022ல ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேரு. அதுல 50,029 பேரு ஹெல்மெட் போடாதவங்க. அந்த அம்பதாயிரத்துல 14,000க்கு மேல பின்னாடி உக்காந்தவங்க. ஓட்டுறவன் போட்டிருப்பான், பின்னாடி இருக்கிறது பொண்டாட்டியோ ஃப்ரெண்டோ போட்டிருக்காது. ஞாயித்துக்கிழமை உன் பின்னாடி ரெண்டு பேரு, ஒருத்தனுக்காவது ஹெல்மெட் இருக்கா?

தினேஷ்: …

பிரியா: இன்னொண்ணு. போலீசுக்காக மாட்டிக்கிட்டு ஸ்ட்ராப் போடாம வர்றாங்களே, அது போடாததுதான். விழுந்த உடனே ஹெல்மெட் தனியாக் கழண்டு ஓடிடும், அதுக்கப்புறம் தலை ரோட்டுல அடிக்கும். கூட வர்றவங்க அந்த ஹெல்மெட்டை கையில எடுத்துட்டு கேஷுவாலிட்டிக்கு வருவாங்க. ஒரு கீறல் இருக்காது அதுல. "போட்டுதான் இருந்தான் சிஸ்டர்"னு காட்டுவாங்க. எனக்கு அதைப் பாக்க முடியாது

விஜி அக்கா: 😔

பிரியா: அப்புறம் யாராவது ரோட்டுல விழுந்து கிடந்தா ஹெல்மெட்டை இழுத்துக் கழட்டாதீங்க, உக்கார வெச்சுத் தண்ணி குடுக்காதீங்க. 108க்குப் போன் பண்ணுங்க. தூக்கிட்டு வந்தவனை போலீஸ் பிடிச்சு வெச்சுக்கும்னு இன்னும் பயப்படுறாங்க. உதவி பண்ணவங்க மேல கேஸ் கிடையாது, 2019லயே சட்டத்துல வந்தாச்சு. பேரு சொல்லணும்னு கூட கட்டாயம் இல்ல. மாமா, உங்க தமிழ்நாட்டுப் பக்கம் அடிபட்டா முதல் 48 மணி நேரம் திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரியில அரசாங்கமே செலவை ஏத்துக்கும், 2021 டிசம்பர்லேர்ந்து. பணம் இல்லன்னு யாரும் அலைய வேணாம்

செல்வம் மாமா கடலூர்: தெரியும்மா. எங்க தெருப் பையன் ஒருத்தனுக்கு அதுலதான் பாத்தாங்க. பொழைச்சுட்டான்

சொல்தா பெரியப்பா: மழைக்கு என்னா பண்றது. ஞாயிறு மழை வருமாம். 2024 ஃபெஞ்சல் புயலப்ப இந்த கடலூர் ரோட்டுலயே போக்குவரத்து நின்னு போச்சு

விஜி அக்கா: இங்க புயலுக்கு சிவப்பு எச்சரிக்கை குடுத்துட்டா ரோட்டுல எந்த வண்டியும் போகக் கூடாது பெரியப்பா. மாட்டுனா ஃபைன். அப்படியும் ஆத்துக்கு குறுக்கே தரைமட்டப் பாலம் இருக்கும்ல, தண்ணி ஓடும்போது "நம்ம கார் தாண்டிடும்"னு இறங்கி அடிச்சிட்டுப் போறவங்க உண்டு. முழங்கால் அளவு தண்ணிதான் இருக்கும்

செல்வம் மாமா கடலூர்: சரி ராணி, இதுக்கு மேல யாரையும் கேட்டுட்டு இருக்காத. நான் சொல்றேன். என் கூட வேலை பாத்தவன் ஒருத்தன் டெம்போ டிராவலர் வெச்சிருக்கான். ஞாயிறு காலைல முதலியார்பேட்டையில ஏத்திக்கிட்டு, அரியாங்குப்பம், தவளக்குப்பத்துல நின்னு பாகூர். ராத்திரி அதே வண்டி எல்லாரையும் வீட்டு வாசல்ல விடும். டிரைவர் குடிக்க மாட்டான், நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்

ராணி சித்தி: எவ்ளோ கேப்பான் அண்ணா

செல்வம் மாமா கடலூர்: டீசல் போட்டு டிரைவருக்குப் படி குடுத்தா போதும்னான். மொய்ல கழிச்சிக்கோ

சொல்தா பெரியப்பா: எனக்கு முன் சீட்டு. முட்டி வலி

செல்வம் மாமா கடலூர்: முன் சீட்டுல உக்காந்தா பெல்ட் போடணும் அத்தான்

சொல்தா பெரியப்பா: நான் பிரான்சுல பெல்ட் போட்டவன். எனக்குச் சொல்லித் தர்றியா

பிரியா: எனக்கு ஞாயிறு நைட் டூட்டி. மத்தியானமே சாப்ட்டு பஸ்ல திரும்பிடுறேன்

ராணி சித்தி: தினேஷ்?

ராணி சித்தி: தினேஷ் ப்ளூ டிக் வந்துடுச்சு

தினேஷ்: சரி வேன்லயே வரேன். ஃப்ரெண்ட்ஸுக்கும் ரெண்டு சீட்டு. ஆனா ஒண்ணு, வில்லியனூர்லேர்ந்து கெடாவை நான்தான் பைக்ல தூக்கிட்டு வர்றதா அம்மா சொல்லியிருக்காங்க. அதுக்கு என்னா பண்றது?

பிரியா: ஆட்டை பைக்லயா சித்தி???

ராணி சித்தி: சின்ன ஆடுதான்டி. நடுவுல உக்கார வெச்சா சும்மா இருக்கும்

விஜி அக்கா: 🤣🤣 வீடியோ அனுப்புங்க

செல்வம் மாமா கடலூர்: ஆடும் வேன்லதான் வரும். கடைசி சீட்டு. சாக்கு ஒண்ணு எடுத்து வெச்சிரு ராணி, சீட்டு நாசமாச்சுன்னா அவன் என்னைத்தான் கேப்பான்