எடி ராபின்சன்: உங்கள் மனத்தில் நிற்கும் ஒரு சந்திப்பு

ரஸ்டன் மாணவர்:

எடி ராபின்சன் 1941 முதல் 1997 வரை கிராம்ப்ளிங் என்ற கறுப்பினக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக, எல்லோருக்கும் ‘கோச்’ ஆக, இருந்தவர் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். லூசியானா மாநிலத்தின் ரஸ்டன் நகரில் முதுகலை படித்தபோது, அருகிலேயே இருக்கும் கிராம்ப்ளிங் ஊருக்குச் சென்று, 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவருடைய அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். அங்கே எனக்கு முன்னால் ஒரு முதியவர் மெதுவாக நடந்துகொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தபோது, தாம் 1960களில் கோச்சிடம் விளையாடியவர் என்றார். கோச்சின் 408 வெற்றிகளைப் பற்றி அவர் ஒரு சொல்கூடப் பேசவில்லை. விடியற்காலையில் கோச் கையில் மணியை எடுத்துக்கொண்டு விடுதியின் அறை அறையாக வந்து வீரர்களை எழுப்பி வகுப்புக்கு விரட்டுவார் என்று சொல்லிக்கொண்டே, தம் வலக்கையை உயர்த்தி, இல்லாத மணியை வேகமாக ஆட்டிக் காட்டினார். ஆட்டத்தில் தோற்ற மறுநாளும் வருவாரா என்று கேட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அன்று தேவாலயத்துக்குப் போகச் சொல்லி எழுப்புவார் என்றார். தாம் தொழில்முறை வீரராகவில்லை என்பதையும் பட்டம் பெற்றதையும் அவர் ஒரே மூச்சில், எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னார். அந்தக் கை ஆடிய வேகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

நியூ ஆர்லியன்ஸ்வாசி:

எனக்கு நேர்ந்தது பயூ கிளாசிக் ஆட்டத்தன்று. நன்றி நவிலல் நாளை ஒட்டிய சனிக்கிழமையில் கிராம்ப்ளிங்கும் சதர்ன் பல்கலைக்கழகமும் மோதும் அந்த ஆட்டத்தை 1974இல் தொடங்கியவர்களில் ராபின்சனும் ஒருவர் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சூப்பர்டோம் அரங்கத்துக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு மூதாட்டி பையிலிருந்து மெழுகுத்தாளில் சுற்றிய சாண்ட்விச்சை எடுத்துப் பாதியை என்னிடம் நீட்டினார். அவருடைய அண்ணன் கிராம்ப்ளிங் அணியில் ஆடியவராம். வெளியூர் ஆட்டங்களுக்குப் பேருந்தில் செல்லும்போது வழியில் எந்த உணவகமும் கறுப்பின இளைஞர்களை உள்ளே விடாது என்பதால், இப்படிப் பொட்டலம் கட்டித்தான் கோச் அவர்களை அழைத்துச் செல்வாராம். அந்த நினைவுக்காகவே ஒவ்வோர் ஆண்டும் தம் கையால் செய்து கொண்டுவருவதாகச் சொன்னார்.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான். பொட்டலம் பிரித்துச் சாப்பிடும் அதே பேருந்தில், இந்த நாடு உங்களுடையது, இதை நேசியுங்கள், நல்ல குடிமக்களாக இருங்கள் என்று கோச் பேசுவாராம். அமர்ந்து உண்ண ஒரு மேசைகூடத் தராத நாட்டை நேசிக்கச் சொன்ன மனிதரை எப்படிப் புரிந்துகொள்வது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். என் அண்ணனும் அப்போது அதைத்தான் கேட்டான் என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் சாண்ட்விச்சைச் சாப்பிடத் தொடங்கிவிட்டார்.

பர்மிங்ஹாம் பொறியாளர்:

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன், ஆனால் மணியையும் ரொட்டியையும் பற்றியே பேசினால் அவர் ஆட்டத்தின் மேதை என்பது மறைந்துபோகும். நான் வேலை பார்ப்பது அலபாமாவில். அலபாமா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக இருந்த பேர் பிரையன்டை இங்கே எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 1985 அக்டோபர் 5 அன்று டல்லாஸ் காட்டன் பௌல் அரங்கில் பிரெய்ரி வியூ அணியை 27-7 என்று வீழ்த்தி, 324ஆவது வெற்றியுடன் ராபின்சன் பிரையன்டை முந்தியதை மதிய உணவு வேளையில் ஒருநாள் குறிப்பிட்டேன். உடன் பணிபுரியும் மூத்தவர் ஒருவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சிறிய கல்லூரிகளை வென்றதெல்லாம் கணக்கில் சேராது என்று, சிறுவனுக்குச் சொல்வதைப் போல எனக்குப் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைதான் இன்றுவரை என்னை எரிச்சலூட்டுகிறது.

அவரிடம் சொன்னதை இங்கேயும் பதிவு செய்கிறேன். 1941இல் 22 வயதில் கிராம்ப்ளிங்கின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்கும்வரை ராபின்சன் பேட்டன் ரூஜ் நகரின் தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை செய்தவர். முதல் ஆண்டில் 3 வெற்றி, 5 தோல்வி. அடுத்த ஆண்டு ஆடிய 9 ஆட்டங்களிலும் வெற்றி, எதிரணிகள் அனைத்தும் சேர்ந்து ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பெரிய வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கிராம்ப்ளிங்குடன் மோத மறுத்தன. ஆட மறுத்தவர்களை அவர் வெல்லவில்லை என்பதை அவருடைய குறையாக எழுதுவது என்ன நியாயம்? அலபாமா பல்கலைக்கழகமே 1970 வாக்கில்தான் கறுப்பின வீரருக்கு முதன்முதலாகக் கால்பந்து உதவித்தொகை வழங்கியது. அதுவரை லூசியானாவின் பைன் காடுகளுக்கு நடுவே இருந்த அந்தச் சிறு கல்லூரியிலிருந்து டாங்க் யங்கர் 1949இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குச் சென்று, கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல்லில் ஆடிய முதல் வீரரானார். 1963இல் பக் புக்கானன், அதற்குப் போட்டியாக இருந்த ஏ.எஃப்.எல் கூட்டமைப்பு கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்டார். வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் ஆகியோரும் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார்கள். சிறிய கல்லூரி என்று சொல்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை உரக்கப் படிக்கட்டும்.

ஹூஸ்டன் பெற்றோர்:

எங்கள் மகன் உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடுகிறான். அவனைத் தங்கள் கல்லூரிக்கு அழைக்க ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். உங்களிடம் சேர்ந்த பையன்களில் எத்தனை பேர் பட்டம் முடிக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் அரங்கத்தின் புதிய ஒளித்திரையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அப்போது எனக்கு ராபின்சன்தான் நினைவுக்கு வந்தார்.

பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பும் பெற்றோருக்கு இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பயிற்சியாளரின் வெற்றிக் கணக்கைப் பார்ப்பதற்கு முன் அவருடைய மாணவர்களின் படிப்புக் கணக்கைக் கேளுங்கள். ராபின்சனின் வீரர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் பட்டம் பெற்றதாகச் சொல்வார்கள், அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். காயம்பட்டு ஆட முடியாமல் போனால் உதவித்தொகை தொடருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். காலை வகுப்புக்கு வராத வீரனை என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, பதில் எவ்வளவு விரைவாக வருகிறது என்று கவனியுங்கள். அணியின் நட்சத்திரங்களிடம் பேசாதீர்கள், களத்தில் இறங்க வாய்ப்பே கிடைக்காத பையன் ஒருவனிடம் தனியாகப் பேசுங்கள், அவனுக்குத்தான் எல்லாம் தெரியும். குடும்பத்தின் நிலையை அந்தப் பயிற்சியாளர் அறிந்துகொள்ள விரும்புகிறாரா என்று பாருங்கள். பருத்தி எடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு விவசாயி தம் மகன்களை அணியிலிருந்து நிறுத்திக்கொண்டபோது, ராபின்சன் அணியைத் திரட்டிக்கொண்டு அந்த வயலுக்கே போய்ப் பருத்தி எடுத்து முடித்து, பிள்ளைகளைத் திரும்ப அழைத்துவந்தார் என்பது கிராம்ப்ளிங்கில் எல்லோருக்கும் தெரிந்த கதை. புல் வெட்டியதும், களத்தில் கோடு போட்டதும், செய்தித்தாளுக்கு ஆட்ட விவரம் எழுதி அனுப்பியதும் அவரேதான். இவ்வளவு வேலைக்கு நடுவிலும் வீரர்களின் படிப்பையும் குடும்பத்தையும் நினைவில் வைத்திருந்தவரைப் போன்ற ஒருவரிடம்தான் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும்.

ரஸ்டன் மாணவர்:

பர்மிங்ஹாம் நண்பருக்கு: ஆட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த முதியவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது எது என்பதை மட்டுமே எழுதினேன்.

வாஷிங்டன் வாசகர்:

இங்கே ஒரு முடிதிருத்தும் கடையில் என்.எஃப்.எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் 1988 ஜனவரி ஆட்டத்தின் படம் தொங்குகிறது. வாஷிங்டன் அணிக்காக ஆடி டென்வர் அணியை 42-10 என்று வென்று, அந்தக் கோப்பையை வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஆனவர் ராபின்சனின் மாணவர் டக் வில்லியம்ஸ். இரண்டாம் கால்பகுதியில் மட்டும் டச்டவுன் புள்ளிகளைத் தந்த நான்கு எறிதல்கள். கடைக்காரர் என் தலையில் வைத்த கத்தரியை நிறுத்திவிட்டு அந்தக் கால்பகுதியை முழுவதுமாகச் சொல்லி முடித்தார். ஆட்டம் முடிந்து வில்லியம்ஸ் வெளியேறிய வழியில் கோச் காத்திருந்து, கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் ஜெர்மானியரான ஷ்மெலிங்கை வீழ்த்திய இரவுக்கு ஈடானது இது என்று சொன்னதையும் விவரித்தார். பிறகு என்னைக் கண்ணாடியில் பார்த்து, இவ்வளவு செய்த ராபின்சனை எந்தப் பெரிய பல்கலைக்கழகம் தலைமைப் பயிற்சியாளராக்கியது என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னை விடவில்லை. கல்லூரிக் கால்பந்தின் உயர்நிலைப் பிரிவில் ஒரு பல்கலைக்கழகம் கறுப்பினத்தவரை முதன்முதலாகத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது 1979இல், விச்சிட்டா ஸ்டேட்டில் வில்லி ஜெஃப்ரீஸை. அப்போது ராபின்சனுக்கு 60 வயது. அதற்குள் பெரிய கல்லூரிகள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டன, பயிற்சியாளர்களை அல்ல. கிராம்ப்ளிங்குக்கு வந்திருக்க வேண்டிய இளைஞர்கள் அங்கே போனார்கள். அவருடைய கடைசி இரண்டு பருவங்களும் 3 வெற்றி, 8 தோல்வி என்று முடிந்ததற்கு முதுமையை மட்டும் காரணம் சொல்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹூஸ்டன் பெற்றோர் சொன்ன அளவுகோல் சரிதான், ஆனால் அப்படிப்பட்டவர் 1997வரை ஒரே கல்லூரியில் இருந்ததை விசுவாசம் என்று மட்டும் எழுதிவிட்டால், வேறு வாசல்கள் மூடியிருந்தது விட்டுப்போகிறது. 1998இல் அவருடைய இடத்துக்கு வந்தவர் அதே டக் வில்லியம்ஸ். 2000, 2001, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து அதன் கல்லூரிக் கூட்டமைப்பின் சாம்பியன் பட்டம் கிராம்ப்ளிங்குக்கே வந்தது.