புதுப்பிப்பு: பொக்லைன் சூடான கதை

திருமங்கலம் பக்கம் கண்மாய் வேலையில் பொக்லைன் மதியத்துக்குள் சூடாகி நிற்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். தெர்மோஸ்டாட்டை (இஞ்சின் சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) மாற்றச் சொன்னவர்கள் மன்னிக்கவும், காரணம் வெறும் தூசி. ரேடியேட்டருக்கும் ஆயில் கூலருக்கும் நடுவில் சருகும் கரிசல் புழுதியும் கம்பளி மாதிரி அப்பியிருந்தது. வெளியே பார்த்தால் பளிச்சென்றுதான் இருந்தது! இஞ்சின் ஆறியதும், விசிறிக் காற்று போகும் திசைக்கு எதிராகக் காற்றடித்தோம். தண்ணீர் பிரஷரைக் கிட்டத்தில் காட்டினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். பாதி மடங்கியிருப்பது எங்கள் கிளீனர் பையன் உபயம்.

அப்புறம் செயின், அதாவது சக்கரத்துக்குப் பதிலாக வண்டி ஊர்ந்து போகும் இரும்புப் பட்டை. கரிசல் மண்ணை ஈரத்திலேயே மண்வெட்டியால் வழித்துவிடுகிறோம். ராத்திரி காய்ந்தால், செயின் ஓடும் உருளைகளான ரோலரில் சிமெண்ட் மாதிரி இறுகி, செயினைத் தேய்த்துவிடும். கழுவியதும் கை, பக்கெட் மூட்டுகளில் இருக்கும் பின்களுக்குக் கிரீஸ் அடிக்கிறோம். நேற்று சாயங்காலம் வரை ஓடியது. சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டவில்லை.