பரோக் இசை: முதலில் உங்கள் காதில் விழாமல் போனது எது?

பதிவு 1
பரோக் காலத்து ஆங்கில இசையமைப்பாளர் பர்செல்லின் ஓபெராவில் (இசைநாடகத்தில்) அரசி டைடோ சாகும்முன் பாடும் புலம்பலை இரண்டு ஆண்டுகளாகக் கேட்டு வந்தும், அதன் அடியில் ஒரே பாஸ் வரி, அதாவது மிகத் தாழ்ந்த ஸ்தாயி இசைவரி, எந்திரம்போலச் சுற்றி வருவது சென்ற மாதம் வரை எனக்குத் தெரியவில்லை. இயர்போனின் ஒரு பக்கம் பழுதாகி, தாழ்ந்த தந்திகள் துலக்கமாகக் கேட்ட இரவில்தான் அது பிடிபட்டது. ஷட்ஜத்திலிருந்து கீழ்ப் பஞ்சமம் வரை அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கி முடியும் அந்த வரிக்கு ஐந்து பார் (நம் ஆவர்த்தம் போன்ற தாள அளவு) நீளம். எண்ணிப் பார்த்தேன், பதினோரு முறை வருகிறது. வரி முடியும் இடத்தில் குரல் முடிவதில்லை, அடுத்த சுற்றுக்குள் வழிந்து செல்கிறது. ‘என்னை நினைவில் கொள்’ என்று அவள் ஒரே சுரத்தில் நின்று இறைஞ்சுகையிலும் கீழே அது இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அவள் ஓய்ந்த பிறகும் தந்திகள் அதை நிறுத்தாமல் வாசிக்கின்றன. அந்த இடத்தை என்னால் இன்னும் கடந்து வர இயலவில்லை.

பதிவு 2
‘எந்திரம்’ என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். ஜெர்மனியில் படித்த காலத்தில், ஒரு சிறிய தேவாலயக் கச்சேரியில் ஹார்ப்சிகார்ட் என்னும் பழைய விசைப்பலகைக் கருவியை வாசித்தவருக்குப் பக்கம் புரட்டும் வேலை எனக்கு வாய்த்தது. அவர் முன்னிருந்த தாளில் இடக்கைக்கான பாஸ் வரியும், சுரங்களோடு சேர்த்து 6, 7, 4-3 என்ற எண்களும் மட்டுமே இருந்தன. வலக்கைக்கு ஒரு சுரம்கூட எழுதப்படவில்லை. காலை ஒத்திகையில் வாசித்ததை அவர் மாலையில் வாசிக்கவில்லை. பாடகி மூச்சுக்குத் திணறிய ஓரிடத்தில், ஒரே தட்டில் விழவேண்டிய சுரங்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்த்து, பாடகி மூச்செடுக்கும் வரை காலத்தை நீட்டிக்கொடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் பக்கத்தைப் புரட்ட மறந்துவிட்டேன்.

பதிவு 3
பாக்கின் சி மைனர் பசகாலியாவை (ஒரே பாஸ் வரியின் மேல் மாறுபாடுகளாக வளரும் படைப்பை) முதன்முதலில் கேட்டபோது, இருபது மாறுபாடுகளையும் விரல்விட்டு எண்ணி வந்து, அடுத்து வந்த ஃபியூகில் (ஒரே கருவைக் ‘குரல்கள்’ எனப்படும் இசைவரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் பகுதியில்) முற்றிலும் தொலைந்துபோனேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

இரண்டாமவருக்கு ஒரு திருத்தம்: எந்தச் சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பதை அந்த எண்களே வரையறுத்துவிடுகின்றன, அவற்றை எப்படி அடுக்குவது, எப்போது உதிர்ப்பது என்பதில்தான் வாசிப்பவருக்கு உரிமை உண்டு. முதலாமவர் டைடோவில் தொடங்கியிருக்கவே கூடாது. பாகெல்பெல்லின் கேனனை முதலில் கேளுங்கள்: எட்டுச் சுரங்கள் கொண்ட பாஸ் வரி 28 முறை வருகிறது, மேலே மூன்று வயலின்கள் ஒரே மெட்டை இரண்டிரண்டு பார் இடைவெளி விட்டுத் தொடர்கின்றன. அது பழகிய பிறகு ஃபியூகுக்கு வாருங்கள். அங்கே முதற்குரல் தனியாகச் சொன்ன கருவை இரண்டாம் குரல் ஐந்தாம் சுரத்துக்கு மாற்றிச் சொல்லத் தொடங்கியதும், முதற்குரலைக் கைவிட்டுப் புதிய குரலைப் பற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் முதற்குரலின் பின்னாலேயே போய்த்தான் வழிதவறுகிறார்கள். பசகாலியாவில் ஃபியூகின் கரு, அதுவரை சுற்றி வந்த பாஸ் வரியின் முற்பாதிதான் என்பதை அறிந்திருந்தால் நானும் தப்பியிருப்பேன். ஹார்ப்சிகார்டில் விரலின் அழுத்தத்தால் ஒலியைப் பெருக்க இயலாது, தந்தியை அது மீட்டுவதோடு சரி. ஆகையால் அழுத்தத்தை எதிர்பாராமல், சுரங்களுக்கு இடையில் விடப்படும் இடைவெளிகளைக் கவனியுங்கள். இயர்போனையும் மாற்றிவிடுங்கள்.

பதிவு 4
தம்புராவை டி சுருதியில் மீட்டிக்கொண்டு பாக்கின் டி மைனர் சகோனை (பசகாலியா போன்றே மாறுபாடுகளால் ஆன தனி வயலின் படைப்பை) கேட்பது என் வழக்கம். பழைய முறையில் விலங்குக் குடலால் ஆன நரம்புத் தந்தி பூட்டிய வயலினில் வாசிக்கப்பட்ட இசைத்தட்டு ஒன்றை வாங்கினேன். அரைச்சுரம் தாழ்ந்து ஒலித்ததால் தட்டில்தான் பழுது என்று திருப்பி அனுப்பினேன். மாற்றாக வந்த தட்டும் அதே அரைச்சுரம் தாழ்ந்தே ஒலித்தது. பரோக் கலைஞர்கள் பலர் இன்று ‘ஏ’ சுரத்தை 440க்குப் பதிலாக 415 ஹெர்ட்ஸில் சுருதி சேர்க்கிறார்கள் என்று கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். அந்தக் கடைக்குப் பிறகு நான் போகவில்லை.

பதிவு 1
எங்கே தொடங்குவது என்று நான் கேட்கவில்லை, மூன்றாமவரே. ‘எந்திரம்’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டாமவர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மறுபடியும் கேட்டபோது, குரல் ஓய்ந்த பின் வயலின்களும் பாஸைப் போலவே அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்குவதைக் கவனித்தேன்.